ஒரு விரல் நுனி

இன்னும் இருபத்தேழு நிமிடம் இருக்கிறது. செலின் குளித்துவிட்டு வந்ததும் நான் அவள் கையையும் காலையும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வெள்ளை க்ரீமைத் தடவி மூன்று நிமிடம் ஆகிறது. அது வெறும் க்ரீம், தோல் வறண்டு போகாமல் இருப்பதற்கு. அது ஊற அரை மணி நேரம் விட்டு, அதற்கப்புறம்தான் ஆயின்மெண்ட் போட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். செல்போனில் அலாரம் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். டியூப் கையில் இருக்கிறது. புது டியூப். மூடியைத் திருப்பி அதன் முள்ளால் வாயைக் குத்தித் திறக்க வேண்டும், இன்னும் குத்தவில்லை. இத்தனூண்டு டியூப்பைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டை தூக்கினவன் மாதிரி வியர்த்துக்கொண்டிருக்கிறேன். செலின் ஃபேனுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டுக் கணக்கு நோட்டை விரித்திருக்கிறாள். நான்காம் வகுப்பு. வலது கை எழுதுகிறது, இடது கை தன்பாட்டுக்கு முழங்காலுக்குப் பின்னால் போகிறது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அந்தக் கை தானாகத் திரும்பி வந்து நோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. சொறியாதே, சொறியாதே என்று இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கு அர்த்தமே போய்விட்டது. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பது வேறு விஷயம். வேறு விஷயம் இல்லை, அதுதான் விஷயம். இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது.

ஸ்டெல்லா ஒன்பது மணிக்கு வருவாள். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு, காலை பத்து மணியிலிருந்து நின்றுகொண்டே வேலை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள், பாப்பாவுக்கு ஆயின்மெண்ட் போட்டீங்களா என்று. நான் போட்டாச்சு என்பேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினான்கு மாதம். போட்டாச்சு. அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது. ரேஷன் கடையில் பதினெட்டு வருஷமாக அதைத்தானே சொல்கிறேன். அண்ணே சீனி போடுறீங்களா, போட்டாச்சு, நாளைக்கு வாங்க. பாமாயில் போட்டாச்சா, போட்டாச்சு, முடிஞ்சிருச்சு. வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தால் முகம் தொங்கிவிடும், ஆனால் நம்புவார்கள். அருளப்பன் பொய் சொல்ல மாட்டான், அருளப்பன் கடையில் எடை சரியாக இருக்கும் என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு பேர் இருக்கிறது. உண்மைதான், நான் யாருக்கும் நூறு கிராம் குறைத்துப் போட்டதில்லை. ஊருக்கெல்லாம் சரியாகப் போட்டுவிட்டுப் பெற்ற பிள்ளைக்குக் குறைத்தேன். குறைக்கக்கூட இல்லை, போடவே இல்லை. தினமும் ஏழு மணிக்கு வாஷ்பேசினில் டியூப்பை ஒரு பொட்டு அளவுக்குப் பிதுக்கி விடுவேன், ஸ்டெல்லா எடுத்துப் பார்த்தால் குறைந்திருக்க வேண்டுமே. அது தண்ணீருக்கு லேசில் போகாது, வழுவழுவென்று பீங்கானில் ஒட்டிக்கொள்ளும், பழைய பேப்பரைக் கிழித்துத் துடைப்பேன். திருடன் தடயத்தை அழிக்கிற கவனம். அப்புறம் சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு வந்து பிள்ளைக்குத் தடவுவேன். ஒவ்வொரு தடவை டாக்டரம்மாவிடம் போகும்போதும் அவர் கேட்பார், ஒழுங்காப் போடுறீங்களா என்று. ஸ்டெல்லா என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே சொல்வாள், இவுகதான் டாக்டர் போடுறது, ஒரு நாள்கூட விடுறதில்ல. நான் தலையை ஆட்டுவேன். அந்தப் பார்வையை நினைத்தால் உட்கார்ந்திருக்கிற நாற்காலி குத்துகிறது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்காருகிறேன்.

கோயில் மணி அடிக்கிறது, ஆறரை. என்கூடப் பிறந்த பிலோமினா அக்கா இந்நேரம் ஜெபமாலையை எடுத்திருப்பாள், அவள் வீட்டில், விளக்கைப் போடாமல். அக்கா வெளிச்சத்துக்கு வருவதில்லை. இருபது வருஷம் இருக்கும், அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னத்தில் லேசாகக் கருப்பு, வெயிலில் போய் வருகிற எல்லாருக்கும் இருக்கிறதுதான். அவளோடு வேலை பார்த்த யாரோ ஒரு பெண் சொன்னாள், மெடிக்கல்ல செவப்பு மூடி போட்ட ஆயின்மெண்ட்டுன்னு கேளு, பத்தே நாள்ல வெளுத்துரும். அக்கா கேட்கக் கூச்சப்பட்டாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சீட்டு வேண்டும், டாக்டர் எழுதித் தர வேண்டும் என்று எனக்குத் தெரியாது, கடைக்காரர் கேட்கவும் இல்லை. சிவப்பு மூடி என்றேன், எடுத்துக் கொடுத்துவிட்டார். வெளுத்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாண போட்டோவில் அக்கா முகம் அப்படி மினுங்கும். விட்டால் மறுபடி கருக்கும், கொஞ்சம் எரியும், அதனால் விடவில்லை. காலையில் பவுடர் போடுகிற மாதிரி மூன்று வருஷம் போட்டாள். மாதம் ஒன்று, கல்யாணம் ஆகிற வரைக்கும் எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தது. அப்புறம் ஒரு நாள் அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை என்றாள். முகம் முழுக்க ரத்தச் சிவப்பு, தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகி உள்ளே ஓடுகிற நரம்பு நூல் நூலாகத் தெரிந்தது. கன்னத்திலும் உதட்டுக்கு மேலும் முடி. நிறுத்தினால் எரிச்சல், போட்டால் சரியாகும், நிறுத்தினால் இன்னும் எரிச்சல். கடைசியில் ஒரு டாக்டர் அவளிடம் சொன்னார், இது ஸ்டீராய்டும்மா, இதை முகத்துல போடலாமா என்று. அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அக்கா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லாததால் அது எனக்குள்ளே கிடந்து, செலினுக்கு வாங்கின டியூப்பின் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் மறுபடி அந்த வார்த்தையைப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கலாம். டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம், அதற்குத்தானே அவர் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் அந்த டியூப்களை வாங்கிக் கொடுத்தது யார் என்கிற கதை வரும் என்று பயந்தேன். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். பதினெட்டு நிமிடம்.

செலின் ரப்பரால் எதையோ அழிக்கிறாள். அழிக்கிற வேகத்தில் முழங்கை மடிப்பு விரிந்து சுருங்குகிறது. அங்கே தோல் தோல் நிறத்தில் இல்லை. தடித்து, கருத்து, கோடு கோடாக வெடித்து, பழைய தோல் பை மடித்த இடத்தில் இருக்குமே, அந்த மாதிரி. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு. டாக்டரம்மா வைத்த பேர் எக்ஸிமா, தெருவில் வைத்த பேர் கரப்பான். எதிர்வீட்டு மேரியக்காதான் முதலில் பார்த்துவிட்டுச் சொன்னது, ஏ ஸ்டெல்லா, புள்ளைக்குக் கரப்பான்டி இது, கத்திரிக்கா குடுக்காத, கருவாடு குடுக்காத என்று. செலினுக்கு அப்போது ஏழு வயசு. அன்று சாயங்காலம் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்து, அடிங்கப்பா என்றாள். எதை என்றேன். கையை நீட்டினாள், உள்ள கரப்பான் இருக்குன்னு மேரி பெரியம்மா சொன்னாங்க, வெளிய வரும்போது அடிங்க என்றாள். நான் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் கடையில் போய் நாலு பேரிடம் சொன்னேன். அது பூச்சி இல்லைம்மா, நோய்க்குப் பேர் என்று உட்கார வைத்துச் சொல்லத் தோன்றவில்லை. பல நாள் அவள் கையைப் போர்வைக்கு வெளியே நீட்டியபடிதான் தூங்கினாள், ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. பூச்சி வெளியே போக வழி விட்டிருக்கிறாள். காலையில் தலையணை உறையில் புள்ளி புள்ளியாக ரத்தம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை இடம் மாறிக்கொண்டது, ஒட்டிக்கொள்ளும் என்று அதன் வீட்டில் சொன்னார்களாம். ஒட்டாது. யாருக்கும் ஒட்டாது. அதைப் போய் டீச்சரிடம் சொல்லக்கூட நான் லீவு போடவில்லை.

சாப்பாட்டை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றால் அதுதான் வந்து நிற்கிறது. கத்திரிக்காய் போயிற்று, கருவாடு போயிற்று, மீன், முட்டை, வேர்க்கடலை, தக்காளி, ஒவ்வொன்றாகப் போயிற்று. மருந்து போட்டும் கேட்கவில்லையே, அப்படியானால் சாப்பாடுதான் காரணம் என்று ஸ்டெல்லா ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தாள். மருந்து போட்டும். அந்த இரண்டு வார்த்தையும் என் பொய் மேல் நின்றுகொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மோர் சோறு சாப்பிட்டேன். செலினுக்கு நெத்திலி என்றால் உயிர். கோயில் திருவிழாவுக்கு என் கொழுந்தியாள் வீட்டில் நெத்திலி வறுத்தார்கள், பிள்ளைகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கரகரவென்று கடிக்க, செலின் தட்டில் ரசம். கேட்கவில்லை, அழவில்லை. எல்லாரும் கை கழுவப் போனதும் மீன் சட்டியை எடுத்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவும் பார்த்திருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள், வயித்துல இருக்கும்போது நான்தான் கருவாட்டுக் கொழம்பா தின்னேன், அதேன் புள்ளைக்கு வந்துருச்சு என்று. எங்கம்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு, அந்த ரத்தம் எங்க போகும் என்று. அவள் அழுதுகொண்டிருந்தாள், நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன், அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல என்றேன். அப்படி ஒன்றும் இல்லை என்பதற்கு என்னிடம் ஆதாரமே இருந்தது, வாஷ்பேசினில். வாயைத் திறக்கவில்லை. என்னை நானே மன்னிக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது என்றால் அது அந்தச் சாயங்காலம்தான். பிள்ளைக்குச் செய்தது பயத்தில், அவளுக்குச் செய்தது கோழைத்தனத்தில்.

போன மாதம் முழங்காலுக்குப் பின்னால் சொறிந்த இடம் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டரம்மா பத்து நாள் மாத்திரை எழுதினார். மாத்திரை முடிந்து புதன்கிழமை காட்டப் போனோம். புண் ஆறியிருந்தது, சீழ் இல்லை, ஆனால் மடிப்புத் தோல் பழையபடிதான். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், விரலால் நீவிப் பார்த்தார். இதுவரை எழுதியது கேட்கவில்லை, இனி இதைவிடப் பெரிய மருந்துக்குத்தான் போக வேண்டும், அதற்கு ரத்தம் டெஸ்ட் எடுக்கணும் என்று ஸ்டெல்லாவையும் செலினையும் பக்கத்து அறைக்கு அனுப்பினார். கதவு சாத்தினதும் என்னைப் பார்த்தார்.

"மருந்து பட்ட தோலு இப்படி இருக்காதுங்க. போடுறீங்களா, இல்லையா?"

போட்டாச்சு என்று வாய் வரைக்கும் வந்தது. ரத்தம் எடுக்க ஊசி குத்தினதும் அடுத்த அறையிலிருந்து செலின் ஒரு சின்னச் சத்தம் போட்டாள், அவ்வளவுதான். போடலம்மா என்றேன். எத்தனை நாளா என்றார். ஒரு நாள்கூட போடல என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. ஏன் என்றார், எங்க அக்காவுக்கு ஆன மாதிரி ஆயிருமோன்னு பயந்தேன் என்றேன், அக்கா கதையை முழுக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அக்காவுக்கு யாரு எழுதிக் கொடுத்தது என்றார். யாரும் எழுதல, நான்தான் கேட்டு வாங்கியாந்தேன் என்று சொல்லும்போது இருபது வருஷத்தில் முதல் தடவையாக அதை வெளியே சொல்கிறேன் என்று உறைத்தது. அவர் பேனாவை மூடி வைத்தார். அப்புறம் சொன்னார், முகத்துத் தோல் மெல்லிசு, அதில் அவ்வளவு வீரியமானதை யாரும் பார்க்காமல் மூன்று வருஷம் போட்டால் அந்தக் கதிதான். இது வேறு. இது மடிப்புக்கு ஏற்ற வீரியம், நாள் கணக்கு இருக்கிறது. ராத்திரிக்கு ஒரு வேளை, பத்து நாள், பத்தாம் நாள் எனக்குக் காட்டணும், அப்புறம் நானே குறைச்சு வாரத்துக்கு ரெண்டு நாள்னு கொண்டுவருவேன். முகத்துக்கு இது ஆகாது. மேலே துணி சுற்றிக் கட்டக் கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது என்று நாமாகவே நாளை நீட்டவும் கூடாது. பயப்படுறது தப்பில்ல, என்கிட்ட வந்து பயந்துருக்கணும் என்றார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். அதெல்லாம் நான் நிறுத்தச் சொன்னேனா, எதையாவது தின்னதும் தடிக்குதா என்றார். இல்லை என்றேன். அப்ப குடுங்க, வளர்ற புள்ள என்றார். பெரிய மருந்துக்கு எழுதின சீட்டை எடுத்துக் கிழித்துப் போட்டார். ஸ்டெல்லா திரும்பி வந்ததும், இதையே இன்னொரு தடவை சரியா போட்டுப் பாத்துருவோம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, மேஜையில் கிடந்த ஒரு டியூப்பை எடுத்து என் ஆட்காட்டி விரலைப் பிடித்து நீட்டி, நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்கிக் காட்டினார். நாலு எடத்துக்கும் சேத்து இம்புட்டு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். செலின் எட்டிப் பார்த்தாள். வெளியே போகும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, வீட்ல நீங்களே சொல்லிருங்க, நான் சொல்ல மாட்டேன் என்றார். புதன் போய், வியாழன் போய், ஸ்டெல்லா டியூப் வாங்கி வந்து கொடுத்து, இன்று வெள்ளி. நான் இன்னும் சொல்லவில்லை. புதனன்றே சொல்லியிருக்கலாம், பஸ்ஸில் கூட்டமாக இருந்தது. நேற்று சொல்லியிருக்கலாம், அவளுக்குக் கால் வலி. சொல்லாமலேகூட விட்டுவிடலாம், இனிமேல் ஒழுங்காகப் போட்டால் பத்து நாளில் பிள்ளைக்குச் சரியாகிவிடும், ஸ்டெல்லா புது டியூப் கேட்டுவிட்டது என்று சந்தோஷப்படுவாள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. இந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அதே இடத்திலிருந்துதான் வருகிறது, சிவப்பு மூடியை நான்தான் வாங்கினேன் என்று சொல்லாமல் இருந்த அதே இடம்.

அலாரம் அடித்தது. இருபத்தேழு நிமிடமும் போய்விட்டது. மூடியைத் திருப்பி வாயைக் குத்தினேன், இரண்டாம் தடவைதான் சரியாகக் குத்தியது. செலின் நோட்டை மூடிவிட்டு நகர்ந்து வந்து என் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள். தினமும் நீட்டுகிற மாதிரிதான். ஆனால் என் கையைப் பார்த்தாள், டியூப்பைப் பார்த்தாள், குனிந்து மோந்து பார்த்தாள்.

"இன்னிக்கு எண்ணெ வாசமே இல்ல. இது நெச மருந்தாப்பா?"

உனக்கு எப்பத் தெரியும் என்று கேட்டேன். மொதல்லயே தெரியும் என்றாள். அம்மா தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசம் எனக்குத் தெரியாதா என்றாள். பேசின்ல நீங்க கழுவுறதையும் பாத்தேன். அம்மாகிட்ட ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதை எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அம்மா உங்கள வையும்ல."

பதினான்கு மாதம் சொறிந்துகொண்டு, ரசம் சோறு தின்றுகொண்டு, தனி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். டாக்டரம்மா ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் இவளும் அந்த அறையில்தான் இருந்தாள், நான் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டு. அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதால் இவள்தான் என்னைச் சமாதானப்படுத்த வேண்டிவரும், அந்த வேலையும் இவள் தலையிலேயே விழும். கொஞ்சம் அழுதும்விட்டேன். இது நெச மருந்துதாம்மா, இனிமே தெனமும் இதுதான், இன்னைக்கு அம்மா வந்ததும் அப்பா எல்லாத்தையும் சொல்லிருவேன் என்றேன். அவள் யோசித்தாள்.

"வந்ததும் சொல்லாதீங்க. நாள் பூரா நின்னுட்டு வரும். சாப்ட்டப்புறம் சொல்லுங்க."

சரி என்றேன். விரலை நீட்டி டியூப்பை அழுத்தினேன். வெள்ளையாக நுனியில் வந்தது, ஒரு பொட்டு அளவு, அங்கேயே கட்டைவிரல் தானாக நின்றுவிட்டது. பதினான்கு மாதப் பழக்கம். அக்காவின் முகமும் ஒரு கணம் வந்து போனது. செலின் என் விரலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முதல் கோட்டை அவள் நகத்தால் தொட்டுக் காட்டினாள்.

"குறையுதுப்பா."

பதினெட்டு வருஷமாகத் தராசுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிற வார்த்தை. சரியா இருக்கும்மா, நல்லா பாருங்க என்றுதான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். இன்று கோடு வரைக்கும் பிதுக்கினேன்.